வீழ்ந்தவன் தேடிய தோழன்

குடித்துக் கெட்டவன் திருந்தமாட்டான்! டீக்கடையிலும் திண்ணையிலும் நாம் அன்றாடம் கேட்கும் தீர்ப்பு இது. அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்கிக் காட்டிய ஒருவர் உண்டு, தோழர்களே! அவர் மருத்துவரல்லர், மதகுருவல்லர், மந்திரியுமல்லர். அவரே ஒரு குடிகாரர்! பெயர் பில் வில்சன்.

1895 நவம்பர் 26-ல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே, பாட்டி நடத்திய விடுதியில் பிறந்தார். மதுக்கூடத்துக்குப் பின்னறையே அவர் பிறந்த இடம். பெற்றோர் பிரிந்தனர், பையன் தாத்தா வீட்டிலே வளர்ந்தான். முதல் உலகப் போரின்போது பட்டாளத்திலே அதிகாரியானார். அப்போதுதான் விருந்தொன்றிலே முதற் கோப்பை. கூச்சம் போயிற்று, பேச்சு வந்தது. கூச்சத்தைப் போக்க வந்த மது, கூடவே தங்கிவிட்டது.

1918-ல் லோயிஸ் என்னும் மங்கையை மணந்தார். நியூயார்க் பங்குச் சந்தையிலே பணம் சேர்த்தார். 1929-ல் சந்தை சரிந்தது, அவரும் சரிந்தார். மாமனார் வீட்டிலே வாசம். மனைவி கடையிலே வேலை செய்து கொண்டுவந்த கூலியிலே குடும்பம். நம் ஊரிலே கோவிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வார்களே, அதுபோல அவரும் வேதப் புத்தகத்திலே, இனித் தொடுவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஒரு முறையா? பல முறை! கையெழுத்து நின்றது, கை நிற்கவில்லை.

1933-லும் 1934-லுமாக நான்கு முறை மருத்துவமனை. அங்கே சில்க்வொர்த் என்ற மருத்துவர் ஓர் உண்மையை உணர்த்தினார்: இது ஒழுக்கக்கேடு அல்ல, நோய், முதல் கோப்பையைத் தொட்டபின் நிறுத்தும் ஆற்றல் இந்த நோயாளிக்கு இல்லை. 1934 டிசம்பர் 11-ல் பில் கடைசியாகக் குடித்தார். வெளியே வந்து மற்றக் குடிகாரர்களைத் திருத்தப் புறப்பட்டார். ஐந்து மாதம் அலைந்தும் ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அலைந்தவர் குடிக்கவில்லை!

1935 மே மாதம். வியாபாரக் காரியமாக ஆக்ரன் நகருக்கு வந்தார், காரியம் கெட்டது. சட்டைப் பையிலே சுமார் பத்து டாலர். சனிக்கிழமை. விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி அழைக்கிறது. வாரக் கூலி வாங்கிய கையோடு டாஸ்மாக் கடையைத் தாண்டி நடக்கும் சங்கரன்கோவில் நெசவாளிக்கு, அந்த நேரத்தின் கனம் நன்றாகப் புரியும். பில் என்ன செய்தார்? மதுக்கூடத்துக்குப் போகாமல் தொலைபேசியை எடுத்தார். முன்பின் தெரியாத பாதிரிமார்களை ஒவ்வொருவராக அழைத்தார். அவர் கேட்டது பணமல்ல, புத்திமதியல்ல; பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்!

மறுநாள் கிடைத்தார் பாப் ஸ்மித். அறுவை மருத்துவர், ஆனால் குடியிலே மூழ்கியவர். கால் மணி நேரம் போதும் என்று வந்தவர், இரவு பதினொரு மணிக்குமேலும் பேசிக்கொண்டிருந்தார். பில் உபதேசிக்கவில்லை, தன் கதையைத்தான் சொன்னார். 1935 ஜூன் 10-க்குப் பிறகு அந்த மருத்துவர் குடிக்கவில்லை. அந்த நாளையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் ஏ.ஏ. தோழமையின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

என்ன நடக்கிறது அந்தக் கூட்டத்திலே? வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தன் கதையைச் சொல்ல, மற்றவர் கேட்கிறார்கள். கட்டணமில்லை. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆயுள் முழுதுக்கும் சத்தியம் இல்லை. இன்று ஒரு நாள் குடிக்காதிருப்பதே இலக்கு. கடவுள் பேச்சு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் 1939-ல் அவர்களது நூல் வருமுன்பே, கடவுள் நம்பிக்கையற்ற உறுப்பினர்கள் வாதாடி, அவரவர் புரிந்துகொண்டபடி என்று மாற்றவைத்தனர். 27 ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் வந்த காக்ரேன் அறிக்கை, குடியை அறவே விடுவதில் இம்முறை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல வேளை மேலானது என்று கண்டது.

1954-ல் யேல் பல்கலைக்கழகம் பட்டம் தர முன்வந்தபோது, பில் அதை ஏற்கவில்லை. மதுவை வென்றவரைப் புகையிலை விடவில்லை. நுரையீரல் கெட்டு 1971 ஜனவரி 24-ல் மறைந்தார். அன்று அவருடைய திருமண நாள்!

அவர் தொடங்கிய தோழமை 1957-ல் இந்தியாவுக்கும் வந்தது. தோழர்களே, தறியும் ஆலையும் நமக்குக் கற்பித்த பாடம் என்ன? தனியாளாய் நின்று முதலாளியிடம் கூலி உயர்வு கேட்க முடியாது, சங்கமாய் நின்றால் முடியும் என்பதுதானே! குடிநோய்க்கும் அதே பாடம். உங்கள் கிளையிலே ஒருவர் குடியிலே வீழ்ந்திருந்தால் நீக்கல் தீர்மானம் எழுதுமுன் அவரோடு நடந்து செல்லுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் மருத்துவரிடம். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணமில்லா உதவி எண் 14446-ல் வழி கேட்கலாம். கூட்டம் எங்கே நடக்கிறதென்று விசாரிக்கலாம். முதல் நாள் வாசல்வரை கூடவே போங்கள். உள்ளே போக அவருக்குக் கால் கூசும். கூசட்டும், கூட ஒருவர் நின்றால், அந்தப் படியையும் ஏறிவிடுவார்!