ஐன்ஸ்டீன் மகனுக்கு மனச்சிதைவு நோய் அம்மா வழியில் வந்ததா? மரபணு சொல்லும் உண்மை என்ன?

உலகமே கொண்டாடிய விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். அவருடைய இளைய மகன் எடுவார்ட், 30 வருஷத்துக்கும் மேல் ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோயோடு வாழ்ந்தவர் என்பது தெரியுமா?

யார் இந்த எடுவார்ட்?

1910-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். அம்மா மிலேவா மாரிச், ஐன்ஸ்டீனோடு இயற்பியல் படித்தவர். 1914-ல் பெற்றோர் பிரிந்துவிட, எடுவார்டும் அண்ணன் ஹான்ஸ் ஆல்பர்ட்டும் அம்மாவிடம் வளர்ந்தார்கள்.

படிப்பு, பியானோ, கவிதை என எல்லாவற்றிலும் எடுவார்ட் கெட்டிக்காரர். மனநல மருத்துவர் ஆகணும் என்ற ஆசையில் சூரிச் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். ஆனால் 20 வயதிலேயே மனம் தடுமாறத் தொடங்கியது. 1932-ல் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-ல் அறிமுகப்படுத்திய ஆய்கன் ப்ளாய்லர் தலைமை வகித்த அதே மருத்துவமனை. டாக்டராகப் போக வேண்டியவர், நோயாளியாகப் போனார்.

அம்மா மீது விழுந்த பழி

மிலேவாவின் தங்கை ஸோர்காவும் மனநோயால் பாதிக்கப்பட்டவர். அதனால் மகனுக்கு நோய் அம்மா வழியில்தான் வந்தது என்று ஐன்ஸ்டீன் நம்பினார். 1933-ல் அமெரிக்கா கிளம்பும் முன் மகனைப் பார்த்ததுதான் கடைசி. அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

பழி சுமந்த அம்மாதான் மகனைப் பார்த்துக்கொண்டார். நோபல் பரிசுப் பணத்தில் வாங்கிய வீடுகளையும் சிகிச்சைச் செலவுக்காக விற்றார். 1948-ல் அவர் இறந்தார். எடுவார்ட் 1965-ல், 55 வயதில், புர்க்ஹோல்ஸ்லியிலேயே காலமானார்.

சரி, ஐன்ஸ்டீன் நினைத்தது சரியா?

பாதி சரி. இந்த நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய், அப்பா அல்லது அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளில் 100-க்கு சுமார் 10 பேருக்கு வரலாம். சித்தி, மாமா போன்றவர்களுக்கு இருந்தால் 100-க்கு 3 அல்லது 4 பேர்தான். மற்றவர்களுக்கு வருவதில்லை.

அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வரும் வாய்ப்பு அதிகபட்சம் பாதிக்குப் பாதிதான்.

காரணம், இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 287 இடங்களை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளியளவே கூட்டுபவை. அந்தத் துளிகள் அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். பிரசவ நேரச் சிக்கல், சின்ன வயது மன அதிர்ச்சி, இளம் வயதில் கஞ்சா போன்றவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

எடுவார்டின் அண்ணனையே பாருங்க. அதே அப்பா, அதே அம்மா, அதே சித்தி. ஹான்ஸ் ஆல்பர்ட்டுக்கு அந்த நோய் வரவில்லை. அமெரிக்காவில் பொறியியல் பேராசிரியராக வாழ்ந்தார்.

ஆக, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அறிகுறிகளைக் கவனித்து சீக்கிரமே டாக்டரிடம் போக அது ஒரு காரணம். யார் வழியில் வந்தது என்று சண்டை போட அல்ல!