மக்கள் தலைவர் வ. சுப்பையா



நாளைக்கு நாம டிப்ளமோ முடிச்சு மில்லுக்கோ கம்பெனிக்கோ போனால், ஒரு ஷிப்டு எட்டு மணி நேரம். அது சும்மா கிடைச்சது இல்லை.

வ. சுப்பையா 1911 பிப்ரவரி 7-ல் புதுச்சேரியில் பிறந்தார். நம்ம காரைக்காலைப் போலவே புதுவையும் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1934-ல் 'சுதந்திரம்' பத்திரிகையை ஆரம்பித்தார். மில் தொழிலாளிகளுக்குச் சங்கம் வைக்கும் உரிமைகூட இல்லாத காலம் அது. அவர்களை ஒன்றுசேர்த்துப் போராடினார். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளிகள் மாண்டார்கள். சுப்பையா அசரவில்லை. பாரிஸ் வரை போய் நியாயம் கேட்டார். 1937 ஏப்ரல் 6-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சங்கம் வைக்கும் உரிமையும் கிடைத்தது.

பிறகு 1947-ல் பிரெஞ்சு நாட்டு மேல்சபை உறுப்பினர், 1954 விடுதலைக்குப் பின் புதுவை சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர், 1969-ல் அமைச்சர் என்று பல பதவிகள் வந்தன. 1993 அக்டோபர் 12-ல் காலமானார்.

பதவி வந்த பிறகுதான் சேவை செய்யணும்னு அவர் காத்திருக்கவில்லை. எட்டு மணி நேரத்தை வாங்கித் தந்தபோது அவருக்கு வயசு 26, பதவி ஒன்றும் கிடையாது. முதல் சம்பளம் வாங்குற அன்னிக்கு அவரையும் அந்த 12 பேரையும் நினைச்சுக்குவோம்!