வாந்திபேதியின் நஞ்சைக் கண்ட சம்புநாத் தே

வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே 1915ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிறந்தவர் சம்புநாத் தே. தந்தை சிறு வணிகர். வசதி குறைந்த குடும்பம். ஹூக்ளி மொசின் கல்லூரியில் படித்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்றார். போருக்குப் பின் இலண்டன் சென்று, ராய் கேமரன் என்ற நோய்க்குறியியல் அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து, 1949இல் பி.எச்.டி. பட்டம் பெற்றார். இதுவரை அந்நாளில் முன்னுக்கு வந்த இந்திய மருத்துவர் பலருடைய கதைதான். தாயகம் திரும்பிய பின் அவர் செய்ததையே நான் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்நாளைய கல்கத்தா காலராவின் தாயகம் எனலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் வாந்திபேதி என்பார்களே, அதுதான். காலையில் நடமாடியவர் மாலைக்குள் கண் குழிந்து, விரல்நுனி சுருங்கி, நாடி தளர்ந்து கிடப்பார். நோய் முற்றியவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் வரை இழப்பதுண்டு. வெளியேறும் நீர் அரிசி கழுவிய நீரைப் போல் இருக்கும். அதனுடன் உடலின் உப்புகளும் போய்விடுகின்றன. ஆளைக் கொல்வது இந்த இழப்பே.

உப்பு போனால் என்ன என்று கேட்கலாம். நம் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்குள்ளே இருக்கிறது; எஞ்சியது வெளியே. உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. இரத்தத்தின் சிவப்பணுவை வெறும் நீரில் இட்டுப் பாருங்கள்: நீர் உள்ளே புகுந்து அணு உப்பி வெடித்துவிடும். கடல்நீரில் இட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி அது சுருங்கிப்போகும். 100 மில்லிலிட்டர் நீரில் 0.9 கிராம் உப்புக் கரைந்திருந்தால் அணு உப்புவதுமில்லை, சுருங்குவதுமில்லை. (மருத்துவமனையில் தொங்கும் பாட்டில் எதுவானாலும் நாம் 'குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்' என்கிறோம், பல வேளைகளில் அதில் இருப்பது இந்த உப்புநீரே.) உப்புச் செல்லும் வழியே நீரும் செல்லும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் சம்புநாத் தேயின் பெருமை விளங்கிவிடும்.

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவுக்கே வந்து காலராக் கிருமியை ஆராய்ந்தவர். கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் கருதினார். ஆனால் அதை மெய்ப்பிக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று! ஆராய்ந்தவர்கள் பலர் விலங்குகளின் தோலுக்கடியிலும் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். விலங்கு செத்தாலும் செத்தது. பேதி மட்டும் உண்டாகவில்லை.

காலரா நோயாளிகளின் சிறுநீரகம் பழுதாவது ஏன் என்றும் தே ஆராய்ந்தவர். நோய் குடலில் நிகழ்கிறது. ஆகவே குடலிலேயே தேடுவோம் என்று அவர் எண்ணினார். எவ்வளவு எளிய எண்ணம்! முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சிறு துண்டின் இரு முனைகளையும் நூலால் கட்டினார். இரத்த ஓட்டத்தை அறுக்கவில்லை. கட்டிய பகுதிக்குள் கிருமியை ஊசியால் செலுத்தி வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால், அத்துண்டு அரிசி கழுவிய நீர் போன்ற நீரால் பருத்து நின்றது. கிருமி செலுத்தாத துண்டு வெறுமையாய்க் கிடந்தது. இந்த முறை 1953இல் வெளியாயிற்று. நூலும் ஊசியும் முயலுமே முதன்மையான கருவிகள் என்பதை, கருவி இல்லையே என்று ஏங்கும் நம் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்து, கிருமி வளர்ந்த நீரை வடிகட்டிக் கிருமியே இல்லாமல் செய்தார். அந்த வடிநீரைச் செலுத்தியபோதும் குடல் பருத்தது. ஆகவே நோயைச் செய்வது கிருமி சுரக்கும் நஞ்சே. இந்த முடிவு 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. அதே ஆண்டில் பம்பாயில் என். கே. தத்தாவும் உடன் உழைத்தவர்களும் முயற்குட்டிகளைக் கொண்டு காலரா நஞ்சின் செயலைக் காட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நஞ்சு என்ன செய்கிறது என்பது பின்னர் விளங்கிற்று. அது குடலின் உயிரணுவைப் பற்றிக்கொண்டு, குளோரைடு வெளியேறும் வாயிலை மூடவிடாமல் செய்கிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும், உப்பைத் தொடர்ந்து நீரும் குடலுக்குள் பாய்கின்றன. ஆனால் அந்த உயிரணு சாவதில்லை. குளுக்கோசுடன் சேர்த்துச் சோடியத்தை உள்ளே இழுக்கும் இன்னொரு வாயில் அதில் நன்றாகவே வேலை செய்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்தால் உடல் ஏற்றுக்கொள்வது அதனால்தான். 1971இல் வங்காள அகதிகள் போங்காவ் முகாமில் காலராவால் மாண்டபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்றைய பொட்டலத்தில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. உலக சுகாதார நிறுவனம் இந்த அளவை 2002இல் வகுத்தது. முன்னைய கரைசலைவிட இது சற்று நீர்த்தது. குடல் இன்னும் எளிதாக ஏற்கும்.

இவ்வளவுக்கும் வழி திறந்தவரை நாடு எப்படிப் போற்றியது? 1955 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் துறைத் தலைவராக இருந்து 1973இல் ஓய்வு பெற்றார். இந்திய அறிவியற் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு இது இன்றும் வியப்பே. 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்தார், பரிசு கிட்டவில்லை. 1985 ஏப்ரல் 15இல் அவர் காலமானார்.

ஐந்தாண்டு கழித்து, மைசூரிலிருந்து நூறு கல்லுக்குள் இருக்கும் பெங்களூரின் 'கரண்ட் சயன்ஸ்' இதழ், 1990இல் ஒரு சிறப்பிதழையே அவருக்காக வெளியிட்டது. லெடர்பெர்க்கின் கட்டுரையும் அதில் உண்டு.