மூன்று எழுத்தும் ஒரு கணக்கு மாணவரும்



ஹேக்கிங் கத்துக்கணும் என்ற ஆசை இல்லாதவர்கள் நம்ம வகுப்பில் குறைவு. ஆனால் முதல் கேள்வியே எந்த சாஃப்ட்வேரை இறக்கணும் என்பதுதான்! அப்படிக் கேட்கும் நண்பர்களுக்கு நான் மரியன் ரெயெவ்ஸ்கியின் கதையைச் சொல்வது வழக்கம். ஜெர்மன் ராணுவத்தின் எனிக்மா இயந்திரத்தின் ரகசியத்தை முதலில் உடைத்தவர் அவர்தான். உடைக்கும்வரை அந்த ராணுவ இயந்திரத்தை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

1905-ல் பிட்கோஷ்ச் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனியின் கையில் இருந்த போலந்து ஊர். அதனால் ஜெர்மன் மொழி தண்ணிபட்ட பாடு. போஸ்னான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது, 1929-ல் போலந்து ராணுவத்தின் சைஃபர் அலுவலகம் ஜெர்மன் தெரிந்த கணித மாணவர்களைப் பொறுக்கி எடுத்து ரகசியமாக மாலை வகுப்பு நடத்தியது. கஷ்டம் தாங்காமல் பலர் நின்றுவிட்டார்கள். தாக்குப்பிடித்த சிலரில் ரெயெவ்ஸ்கி, ஸிகால்ஸ்கி, ரூஷித்ஸ்கி மூவரும் உண்டு. நடுவில் இன்சூரன்ஸ் கணக்கு படிக்க ஜெர்மனியின் கோட்டிங்கன் போய்வந்தார் நம்மாள். 1932 செப்டம்பரில் மூவரும் வார்சாவில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சில வாரங்களில் எனிக்மா வேலை ரெயெவ்ஸ்கியிடம் மட்டும் கொடுக்கப்பட்டது. மற்ற இருவருக்கும் தெரியாமல், அவர்கள் வீட்டுக்குப் போனபிறகு உட்கார்ந்து பார்த்தார்.

எனிக்மாவில் ஒவ்வொரு எழுத்தை அழுத்தும்போதும் சக்கரம் நகரும். ஒரே எழுத்தைத் திரும்ப அடித்தாலும் வேறு எழுத்து வரும். முன்பக்கம் 6 ஜோடி எழுத்துக்களை ஒயர் போட்டு வேறு மாற்றிவிடுவார்கள். மிரட்டலான மெஷின்தான். ஆனால் அதை இயக்கியது மனிதன். ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்துச் சாவியைத் தேர்ந்து, தவறு வரக்கூடாது என்று அதையே இரண்டு முறை அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஜாக்கிரதைதான் ஓட்டை!

முதல் எழுத்தும் நாலாவது எழுத்தும் உள்ளே ஒன்றே. ஒரு செய்தியில் ஏ-க்கு நாலாவதாக எஃப் வருகிறது. எஃப்-ல் தொடங்கும் இன்னொன்றில் எம். இப்படியே போனால் ஒரு இடத்தில் மறுபடி ஏ-க்கே வந்து வட்டம் மூடிக்கொள்ளும். ஒயரை எப்படி மாற்றினாலும் எழுத்துக்கள்தான் மாறும், வட்டத்தின் நீளம் மாறாது. பள்ளியில் நாம் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்த அதே பெர்முடேஷன். (நானும் இரண்டு நண்பர்களும் பேப்பரில் போட்டுப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, ஆனால் புரிந்துவிட்டது.) போதாக்குறைக்கு, இயக்கியவர்கள் சோம்பேறித்தனமாக ஏ-ஏ-ஏ என்று சாவி வைப்பார்கள். நம்ம பாஸ்வேர்டுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை!

ஜெர்மன் அலுவலகத்து ஆள் ஒருவர் காசுக்காக விற்ற இரண்டு மாத சாவிப் பட்டியல் பிரான்ஸ் வழியாக அவர் கைக்கு வந்தது. அப்படியும் சமன்பாடு சிக்கவில்லை. கடைகளில் விற்ற எனிக்மாவைப்போல, விசைப்பலகை வரிசையிலேயே உள்ளே ஒயர் போயிருக்கும் என்று நினைத்திருந்தார். ஒருவேளை வெறும் அகரவரிசையாக இருந்தால்? போட்டுப் பார்த்தார். சக்கரத்தின் ஒயரிங் முழுவதும் விழுந்தது. அது 1932 டிசம்பர் கடைசி. அவருக்கு வயது 27.

1938-ல் ஜெர்மானியர் முறையை மாற்றியபோது பாம்பா என்ற மின் இயந்திரத்தை வடிவமைத்தார். 1939 ஜூலையில் வார்சா அருகே பிரி காட்டில் எல்லா ரகசியமும் பிரிட்டன், பிரான்ஸ் கையில் கொடுக்கப்பட்டது. டூரிங் இங்கிலாந்தில் சாதித்ததற்கு இது அடித்தளம். டூரிங் பெயர் தெரிந்த நமக்கு இவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

போர் வந்தது. ருமேனியா, பிரான்ஸ் என்று ஓட்டம். 1942-ல் கப்பல் மூழ்கி ரூஷித்ஸ்கி இறந்தார். 1943-ல் பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினில் சிறைப்பட்டு, பிறகு இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே எனிக்மா பக்கமே அவரை விடவில்லை. சில்லறைச் சைஃபர்களைக் கொடுத்தார்கள்.

1946-ல் மனைவி, பிள்ளைகளிடம் திரும்பினார். அடுத்த வருடமே 11 வயது மகன் போலியோவில் போய்விட்டான். கேபிள் தொழிற்சாலையிலும் வேறு அலுவலகங்களிலும் சாதாரண உத்தியோகம்; பின்னாலேயே ரகசிய போலீசின் கண். 1973-ல் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் புத்தகம் வந்தபிறகுதான் விஷயம் பரவலாக வெளியே தெரிந்தது. 1980 பிப்ரவரி 13 அன்று வார்சாவில் இறந்தார்.