கப்பலேறக் கற்பித்த அறிஞர்

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு ஜப்பான். ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மக்கள் கடல் கடந்து சென்றதில்லை. 1635-ஆம் ஆண்டு ஆணைப்படி, வெளிநாடு செல்வது மரண தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய மக்கள் பிற்காலத்தில் விரும்பிக் கப்பலேறியது எவ்வாறு? சட்டம் மாறியது, நீராவிக் கப்பல் வந்தது என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் தடை நீங்கிய அளவிலே மனிதன் பயணம் புறப்பட்டு விடுவதில்லை. உள்ளத்து ஐயமும் நீங்க வேண்டும். அந்த ஐயத்தை நீக்கியவர்களுள் முதல்வராக நான் கருதுவது ஃபுகுசாவா யுகிச்சியை. அவர்தம் வாழ்வை மாணவத் தோழர்களுக்கு அறிமுகம் செய்வதே என் நோக்கம்.

இளமையும் கல்வியும்

1835-இல் ஒசாக்கா நகரில் அவர் பிறந்தார். தந்தை, நகத்சு சிற்றரசில் பணிபுரிந்த எளிய சாமுராய். மகனுக்கு இரண்டு வயது நிரம்பு முன்பே அவர் மறைந்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் முறையை யுகிச்சி இளமையிலேயே வெறுத்தார். 1854-இல் நாகசாகி சென்று டச்சு மொழி கற்கத் தொடங்கி, பின்னர் ஒசாக்காவில் ஒகாதா கோவான் என்னும் மருத்துவரின் பள்ளியில் பயின்றார். 1858-இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் அவர் தொடங்கிய சிறு பள்ளியே இன்று கெயோ பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது.

மறு ஆண்டு யோகோஹாமா துறைமுகத்தைக் காணச் சென்றவருக்குப் பேரதிர்ச்சி காத்திருந்தது. அயல்நாட்டார் கடைகளின் பெயர்ப்பலகையைக் கூட அவரால் படிக்க முடியவில்லை. அங்கு வழங்கியது ஆங்கிலம்! அரும்பாடுபட்டுக் கற்ற டச்சு மொழி பயன்படாமற் போயிற்றே என்று அவர் சோர்ந்து கிடக்கவில்லை. ஆங்கிலத்தை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார்.

முதற் கடற்பயணம்

1860-இல் கன்ரின் மாரு என்ற கப்பல் அமெரிக்கா புறப்பட்டது. அதில் இடம்பெற, தலைமை அதிகாரி கிமுராவின் பணியாளாகச் செல்லவும் யுகிச்சி தயங்கவில்லை. புயலில் அலைப்புண்ட அச்சிறு கப்பல் 37 நாட்களில் சான்பிரான்சிஸ்கோவை அடைந்தது. திரும்பி வருகையில் அவர் கொணர்ந்த பெருஞ்செல்வம் ஓர் ஆங்கில அகராதி.

அரிசியும் விளக்கும்

1862-இல் தூதுக் குழுவின் மொழிபெயர்ப்பாளராக ஐரோப்பா சென்றார். அயல்நாட்டில் உண்ண என்ன கிடைக்குமோ என்று அஞ்சிய குழுவினர் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அரிசி கொண்டு சென்றனர். விடுதித் தாழ்வாரங்கள் இருண்டிருக்குமென எண்ணிப் பெரிய விளக்குகளையும் எடுத்துச் சென்றனர். பாரிஸ் விடுதியிலோ உணவு குவிந்து கிடந்தது. இரவெல்லாம் எரிவாயு விளக்குகள் ஒளிர்ந்தன. சுமந்து சென்ற அரிசியை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தனர். நகைப்புக்குரிய நிகழ்ச்சியாகத் தோன்றினும் இதில் ஓர் உண்மை உண்டு. பயணியை நிறுத்துவது அலைகள் மட்டுமன்று. என்ன உண்பது, எங்கே உறங்குவது என்ற சிறு கவலைகளுமே.

வழிகாட்டி நூல்

1866-இல் கல்விக்கும் வணிகத்திற்கும் வெளிநாடு செல்ல அரசு இசைந்தது. 1867-இல் யுகிச்சி மீண்டும் அமெரிக்கா சென்றார். இம்முறை பெரிய அஞ்சற் கப்பல். 22 நாட்களிலேயே கரை சேர்ந்தது. திரும்பியபின், மேலதிகாரிகளுடன் ஏற்பட்ட பிணக்கால் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அவ்வோய்வை அவர் வீணாக்கவில்லை. மேலை நாடுகளுக்குச் செல்வோர்க்கென ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். கப்பல்கள் செல்லும் வழி, பயணக் கட்டணம், நாணய மாற்று, கப்பலில் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றை அதில் விளக்கினார். உயிர், வீடு, கப்பற் சரக்கு ஆகியவற்றுக்கான காப்பீட்டு முறையையும் ஜப்பானியர்க்கு அந்நூல் வழியே அறிமுகம் செய்தார்.

கடலின் அழகைப் பாடி அவர் மக்களை அழைக்கவில்லை. செலவு எவ்வளவு, இடர் வந்தால் ஈடு என்ன என்று கணக்குச் சொல்லி அழைத்தார். நடையோ மிக எளிது. எழுதியதை வீட்டுப் பணிப்பெண்ணிடம் படிக்கக் கொடுத்து, அவளுக்கு விளங்காத இடங்களைத் திருத்துவது அவர் வழக்கம். என்னை மிகவும் கவர்ந்த பண்பு இதுவே.

பிற்காலம்

1872-இல் வெளிவரத் தொடங்கிய கல்வி பற்றிய அவர் நூல்வரிசை நாடெங்கும் பரவியது. 1882-இல் நாளிதழ் ஒன்றையும் நிறுவினார். பிற்காலத்தில் சீனா, கொரியா பற்றி அவர் கொண்ட கருத்துக்கள் கடுங்கண்டனத்திற்கு உள்ளாயின, அக்குறையை மறைப்பதற்கில்லை. 1901-இல் அவர் மறைந்தார். 1984 முதல் 2024 வரை வெளியிடப்பட்ட பத்தாயிரம் யென் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது.

1989 முதல் ஜப்பானில் உல்லாசக் கப்பல் பயணம் வளரத் தொடங்கியது. ஆனால் 2020-இல் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் கொரோனா நோயுற்றதும் பழைய அச்சம் புதிய வடிவில் தலைதூக்கியது. விடுமுறைக்குள் திரும்ப இயலுமா, பணம் போதுமா, தம் மொழி அறிந்த பணியாளர் உண்டா, நோயுற்றால் மருத்துவர் உண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை பெற்றவரே துணிந்து கப்பலேறுவர். வண்ணப் படங்களைவிட இந்த விடைகளே வலிமை வாய்ந்தவை என்பது என் துணிபு.

முதலில் சென்று கண்டவர், பின்வருவோர்க்குப் புரியும் மொழியில் வழி சொல்லுதல் கடமை. கல்லூரி வாயிலை மிதித்த நாமும், நம் ஊரில் அவ்வாயிலை அஞ்சி நிற்கும் தம்பி தங்கையர்க்கு அவ்வாறு வழி சொல்வோமாக!