வால்ட்டர் டேன்டி

வால்ட்டர் எட்வர்டு டேன்டி (ஏப்ரல் 6, 1886 – ஏப்ரல் 19, 1946) அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஆவார். மூளையின் குருதிக்குழாய்களில் உண்டாகும் பிறழ்வான இணைப்புகளையும் புடைப்புகளையும் அறுவை மூலம் சரிசெய்ய முனைந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

இளமையும் கல்வியும்

டேன்டி, மிசூரி மாநிலத்தின் செடாலியா நகரில் பிறந்தார். இவருடைய தந்தை இங்கிலாந்திலிருந்து குடியேறிய தொடர்வண்டி ஓட்டுநர்; தாய் அயர்லாந்தைச் சேர்ந்தவர். 1907இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற டேன்டி, 1910இல் பால்ட்டிமோரின் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். அங்கு ஆர்வி குசிங்கின்கீழ் பணியாற்றினார். 1912இல் பாசுட்டன் சென்ற குசிங், டேன்டியை உடன் அழைத்துச் செல்லவில்லை. டேன்டி இறுதிவரை ஜான்சு ஆப்கின்சிலேயே பணிபுரிந்தார்.

மூளை அறைகளைக் காணும் முறை

கென்னத் பிளாக்ஃபனுடன் இணைந்து மூளைத் தண்டுவடப் பாய்மம் உருவாகிச் சுற்றிவரும் விதத்தை ஆராய்ந்தார். 1918இல், மூளை அறைகளிலுள்ள பாய்மத்தை அகற்றிக் காற்றைச் செலுத்தி எக்சு-கதிர்ப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். கட்டிகள் இருக்குமிடத்தை அறுவைக்கு முன்பே கணிக்க இம்முறை உதவியது. ஆனால் இதில் குருதிக்குழாய்கள் தெரியா.

குருதிக்குழாய் அறுவை

இயல்பாகத் தமனியின் குருதி நுண்குழாய்கள் வழியே அழுத்தம் குறைந்து சிரையை அடைகிறது. இடையில் நுண்குழாய்கள் இன்றித் தமனியும் சிரையும் நேராக இணைந்தால், மிகுந்த அழுத்தம் சிரையைத் தாக்குகிறது. இதனால் வலிப்பும் குருதிக்கசிவும் உண்டாகலாம்.

இத்தகைய நோயாளிகளைப் பற்றி டேன்டி 1928இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். முழுமையாகக் குணப்படுத்த முயல்வது பேரிடர் மிக்கது என்றும், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே அது பொருந்தும் என்றும் அதில் முடிவுரைத்தார். குசிங்கும் பெர்சிவல் பெய்லியும் அதே ஆண்டில் வெளியிட்ட நூலும் இவ்வறுவையின் இடரை வலியுறுத்தியது. குருதிக்குழாய்களைப் படமெடுக்கும் முறையை 1927இல் லிசுபனில் எகாசு மோனிசு அறிமுகப்படுத்தியிருந்தாலும் அது அப்போது பரவியிருக்கவில்லை.

உட்கழுத்துத் தமனி, கண்குழிக்குப் பின்னுள்ள சிரைக்குடாவில் திறந்துகொண்டால் கண் துடிப்புடன் பிதுங்கும். இதற்கான அறுவையை 1935இல் டேன்டி விளக்கினார். தமனியைக் கழுத்திலும் மண்டையோட்டினுள்ளும் அடைத்து, இடையிலுள்ள திறப்பைத் தனிமைப்படுத்துவதே அம்முறை. மறுபக்கத் தமனியிலிருந்து போதிய குருதி வராவிடில் மூளை பாதிக்கப்படும் என்பது இதன் பெரும் இடராகும்.

1937 மார்ச் 23 அன்று, உட்கழுத்துத் தமனியில் இருந்த புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியைப் பொருத்தி, தமனியை அடைக்காமலேயே புடைப்பை மூடினார். நோயாளி உயிர் பிழைத்தார். அக்கவ்வி முன்னாள் ஆசான் குசிங் வடிவமைத்ததாகும்.

இறுதிக்காலமும் தாக்கமும்

மூளைத் தமனிப் புடைப்புகள் பற்றிய இவரது நூல் 1944இல் வெளிவந்தது. 1946இல் மாரடைப்பால் பால்ட்டிமோரில் காலமானார். குருதிக்குழாய்ப் படமும், 1960களில் பரவிய அறுவை நுண்ணோக்கியும், பின்னர் குழாய்வழி அடைப்பு முறைகளும் டேன்டி அஞ்சிய இடர்களைப் பெரிதும் குறைத்தன. புடைப்பின் கழுத்தைக் கவ்வியால் மூடும் முறை இன்றும் கையாளப்படுகிறது.