அண்ணல் அம்பேத்கர் வாழ்ந்த இல்லங்கள்

மாந்தர்க்கு உணவும் உடையும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது உறையுள். ஆயினும், நான்கு சுவரும் ஒரு கூரையும் மட்டும் வீடு ஆகிவிடுவதில்லை. எவர் வந்து வெளியேறச் சொல்வாரோ என்னும் அச்சமின்றி ஒருவன் படுத்துறங்கும் இடமே அவனுக்கு வீடு. ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட நம் போன்ற மக்களுக்கு அத்தகைய வீடு தலைமுறை தலைமுறையாகக் கிட்டாமற் போயிற்று. அம்மக்களுள் ஒருவராகத் தோன்றி, இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவராக உயர்ந்த டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வை, அவர் குடியிருந்த இல்லங்களின் வழியே நோக்குவது நம் இளைஞர்க்குப் பெரும்பயன் தரும்.

பாசறையில் பிறப்பு

அண்ணலின் முன்னோர் ஊர் கொங்கணப் பகுதியின் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அவர் பிறந்தது அங்கன்று. தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணிபுரிந்தமையால், 1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவிலிருந்த மாவ் படைமுகாமில் பதினான்காவது மகவாகப் பிறந்தார். அவ்வூர் இன்று டாக்டர் அம்பேத்கர் நகர் என அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

தந்தையார் ஓய்வு பெற்றபின் குடும்பம் தபோலிக்கும், பின்னர் சதாராவுக்கும் பெயர்ந்தது. சதாராவில் தாயார் பீமாபாய் மறைந்தார். அத்தையார் மீராபாயின் அரவணைப்பில் பிள்ளைகள் வளர்ந்தனர். பள்ளியில் பிற மாணவர்களோடு சேர்ந்து உட்கார அவருக்கு உரிமையில்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துண்டின்மீது தனியே அமர்ந்து பயின்றார். ஊரில் நாவிதர் இல்லாமல் இல்லை. எனினும் இவர் தலையைத் தொட எவரும் இசையாமையால், வீட்டு வாயிலில் தமக்கையாரே முடி திருத்துவார். வெளியுலகம் மறுத்த அனைத்தையும் வீடே ஈடுசெய்ய வேண்டியிருந்த காலம் அது.

பம்பாயில் ஒற்றை அறை

அடுத்துக் குடும்பம் பம்பாய் சேர்ந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வரிசை வீடுகளுள் ஒன்றில் ஓர் அறையே அவர்தம் இல்லம். அதுவே அடுக்களை, அதுவே படுக்கை, அதுவே படிப்பறை. அனைவரும் ஒருங்கே படுக்க இடம் போதாது. ஆகவே மைந்தர் முன்னிரவில் உறங்குவார். தந்தையார் விழித்திருந்து பின்னிரவு இரண்டு மணியளவில் அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். விளக்கொளியில் விடியுமளவும் படிப்பு நடக்கும். இவ்வாறு பயின்றே 1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேசன் தேர்விலும், 1912ஆம் ஆண்டில் பி.ஏ. தேர்விலும் வெற்றி கண்டார். 1913 பிப்ரவரியில் தந்தையார் காலமானார். இடமின்மையைக் காரணங்காட்டிப் படிப்பைக் கைவிட எண்ணுவோர் அவ்வொற்றை அறையை நினைவுகொள்வாராக.

கடல் கடந்த நாடுகளில்

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால், 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே மாணவர் விடுதியில் எல்லாரோடும் ஒரே மேசையில் உண்டார். நூலகத்தில் விரும்பிய இருக்கையில் அமர்ந்தார். தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவே அயல்நாட்டில் கழிந்த அவ்வாண்டுகளில் தம் உள்ளத்தினின்று அகன்றுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே குறித்துள்ளார்.

1916இல் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கியவர், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது.

பரோடாவில் பதினொரு நாள்

இளைஞர்கள் ஊன்றிக் கருதவேண்டிய நிகழ்ச்சி இதுவே. ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்கச் சென்ற அப்பெரும் பட்டதாரிக்கு அந்நகரில் தங்க ஓர் அறை அகப்படவில்லை. இந்து விடுதிகள் இடந்தாரா என்பதை அவர் அறிவார். எனவே பார்சியர் விடுதி ஒன்றை அடைந்தார். பார்சியர் அல்லாதார் அங்குத் தங்கலாகாது என்பது விதி. நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி அவரை மேல்மாடியில் தங்கவைத்தார் விடுதிக் காவலர். பேச்சுத்துணைக்கு எவருமின்றி, பழம்பொருள்கள் குவிந்த அவ்விடத்தில், மங்கிய விளக்கொளியில் நூல்களே துணையாக இரவுகளைக் கழித்தார்.

பதினோராம் நாள் காலையில், தடியேந்திய பார்சியர் பன்னிருவர் மாடியேறி வந்து, விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாக வசைபாடி, மாலைக்குள் வெளியேறுமாறு அச்சுறுத்திச் சென்றனர். நண்பர் இருவரை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். முன்னவர், தம் வேலையாட்கள் போய்விடுவர் என்றார். பின்னவர், மனைவியைக் கலந்தே சொல்லவேண்டும் என்றார். இரண்டும் மறுப்பே என உணர்ந்தவர், பொதுப் பூங்கா ஒன்றில் பொழுதைப் போக்கி, இரவு ஒன்பது மணி இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். கல்வி இருந்தது, பதவி இருந்தது, கையில் வாடகைப் பணமும் இருந்தது. ஆயினும் சாதி என்னும் ஒன்று அனைத்தையும் விழுங்கிற்று. தனியொருவர் உயர்ந்தால் மட்டும் போதாது, சமுதாயமே மாறவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டும் இலண்டன், மீண்டும் பரேல்

பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, நண்பர் உதவியும் பெற்று, 1920இல் மறுபடியும் இலண்டன் ஏகினார். 1921-22இல் அவர் தங்கியிருந்த கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் இல்லத்தை, 2015இல் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. பாரிஸ்டராகவும் பொருளியல் அறிஞராகவும் திரும்பியபின்னரும் அவர் மாளிகை தேடவில்லை. பரேல் தொழிலாளர் குடியிருப்பின் சிறிய இரண்டு அறைகளிலேயே ஆண்டுகள் பல வாழ்ந்தார். 1927இல் மகத் குளத்து நீருக்காகப் போராடியதும், 1930இல் நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனாருடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்ததும் அவ்விரண்டு அறைகளில் வாழ்ந்த நாள்களிலேயே. மனைவியார் ரமாபாய் வறுமையைத் தம் தோளில் சுமந்தார். ஐந்து மக்களில் நால்வரை இளமையிலேயே இழந்தனர்.

1931 ஆகஸ்ட்டில் காந்தியடிகளைப் பம்பாயில் முதன்முறை சந்தித்தபோது, தமக்குத் தாயகமே இல்லையென அண்ணல் கூறினார். குடிநீருக்கும் உரிமையற்ற நாட்டை எவ்வாறு தம் இல்லமெனக் கொள்வது என்பதே அவர் எழுப்பிய வினா.

இராஜகிருகம்

1930களில் தாதரில் அவர் எழுப்பிய சொந்த இல்லமே இராஜகிருகம். புத்தர் பெருமான் உலவிய மகதநாட்டுத் தலைநகரின் பெயர் அது. நூல்களை வைப்பதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட வீடு. அங்கே சேர்ந்த நூல்கள் ஐம்பதினாயிரம் வரை எனக் கூறுவர். எனினும் அம்மனை நலனை நெடுநாள் துய்க்க ரமாபாய்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 1935 மே 27 அன்று அங்கேயே உயிர்நீத்தார்.

மாணவர்க்கு அமைத்த இல்லங்கள்

தமக்கென ஒரு வீடு எழுப்புவதற்குப் பல்லாண்டு முன்னரே அவர் பிறர்க்கு வீடமைத்தார் என்பது கருதத்தக்கது. 1924இல் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் வாயிலாக, 1925இல் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்கு விடுதி திறக்கப்பட்டது. 1945இல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்தா கல்லூரியும் எழுந்தன. பரோடாவில் தமக்குக் கிடைக்காத அறையை ஆயிரமாயிரம் இளைஞர்க்கு அவர் ஆக்கித் தந்தார்.

தில்லியில் இறுதி நாள்கள்

1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவிலும், 1947இல் விடுதலை இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகவும் அமர்ந்து தில்லியில் அரசு மாளிகைகளில் உறைந்தார். 1951இல் கொள்கை வேறுபாட்டால் பதவியைத் துறந்தபோது அவற்றையும் துறந்தார். அலிப்பூர் சாலை 26ஆம் எண் வாடகை இல்லமே அவரது இறுதி இல்லமாயிற்று. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியவர், டிசம்பர் 6 அன்று அவ்வில்லத்திலேயே உறக்கத்தில் மறைந்தார். திருமேனி இராஜகிருகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது.

இளைஞர்களே! அண்ணலின் வரலாற்றினின்று நாம் கொள்ளவேண்டிய கடமைகள் இரண்டு. நம் வீடு குடிசையாயினும் அதில் நூல்களுக்கு ஓரிடம் ஒதுக்குவது ஒன்று. கற்று, பதவி பெற்று, நகரத்தில் வீடு கட்டியோர், சேரியிலிருந்து படிக்க வரும் பிள்ளைக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவைப்பது மற்றொன்று. பரோடா நண்பர் இருவரும் சொன்ன சாக்குகளை நம்முள் எவரும் சொல்லலாகாது. வாழ்க அண்ணல் புகழ்!